என்ன வியாதின்னு போடட்டும்?

நீலகிரியில் எந்தத் தேயிலை எஸ்டேட் ஆபீசுக்குள் எட்டிப் பார்த்தாலும் இவர் கண்ணில் படாமல் போகமாட்டார். கம்பளி ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர், தலையில் குரங்குக் குல்லா, மூக்கு நுனியில் கண்ணாடி. மேசையில் செக்ரோல், ஸ்டாம்ப் பேடு, ஆறிப்போன டீ. நியமன உத்தரவின்படி அவர் ஹெட் கிளார்க். தொழிலாளர்களின் லைன் வீடுகளில் வைத்திருக்கும் பெயர் ‘ஸ்கேன் சார்’. கோயம்புத்தூர் வரை மலையிறங்கிப் போய் காசைக் கொட்டி எடுக்க வேண்டிய ஸ்கேனை, இவர் ஜன்னல் கம்பி வழியாகவே இலவசமாக எடுத்துவிடுவார்.

சிக் லீவு முடிந்து டாக்டர் சீட்டோடு வருகிறவர்கள் முதலில் நிற்க வேண்டியது அந்த ஜன்னலில்தான்.

“என்னம்மா, நாலு நாளா ஆளையே காணோம்?”

“உடம்பு முடியல சார். சீட்டு இருக்கு.”

“சீட்டு கெடக்கட்டும். உடம்புக்கு என்ன?”

“வயித்து வலி சார்.”

“மேல் வயிறா, கீழ் வயிறா?”

பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர். அதில் மேஸ்திரியும் உண்டு, அந்தப் பெண்ணின் கொழுந்தனும் உண்டு. அவள் சீட்டைக் கம்பிக்குள் தள்ளுகிறாள்.

“டாக்டரு எழுதியிருக்காரு சார்.”

“அவரு எழுத்து அவருக்கே புரியாது. என்ன வியாதின்னு போடட்டும்? கட்டம் காலியா இருந்தா துரை என்னையில்ல கேப்பாரு!”

“வயிறுன்னு மட்டும் போடுங்க சார். எந்த மாடின்னு துரை கேட்டா என்கிட்ட அனுப்பி வைங்க.”

வரிசை சிரித்தது. ஸ்கேன் சாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ‘கீழ் வயிறு’ என்று எழுதினார்.

வியாதிகள் காலண்டர் பார்த்துத்தான் வரும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. மார்கழிக் குளிரில் ஹெத்தையம்மன் பண்டிகை நெருங்கினால் ஆபீஸ் பையன்களுக்குக் காய்ச்சல் காணும். கோத்தகிரி மாரியம்மன் திருவிழா என்றால் பல் வலி. மே மாதம் ஊட்டியில் மலர்க் கண்காட்சி தொடங்கி, சமவெளிச் சொந்தங்கள் பெட்டியோடு வந்து இறங்கினால், ஃபேக்டரியில் பாதிப் பேருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். கொழுந்து தள்ளிக்கொண்டு வரும் சமயமும் அதுதான் என்பதால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். முழுக்க வீண் சந்தேகம் என்றும் சொல்ல முடியாது. ஒரே மாமனாரை இரண்டு வருஷத்தில் மூன்று தடவை அடக்கம் செய்தவர்களுக்கு லீவு போட்ட கை அது. ஆனால் அதே மலையில்தான் உறைபனி விழுந்த காலையில், இடுப்பளவு ஈரச் செடிக்குள் நின்று, கொழுந்து மூட்டையைத் தலையில் தூக்கி எடைபோடும் இடம்வரை ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதுகு பிடிக்கத் திருவிழா தேவையில்லை.

கெட்டவரா என்றால், இல்லை. நடுராத்திரியில் பிரசவ வலி என்று கதவைத் தட்டினால், குல்லாவை மாட்டிக்கொண்டு ஜீப்புக்கு ஆள் அனுப்புகிறவர் அவர்தான். ஆஸ்பத்திரிக்கு ரசம் சாதம் கொடுத்தனுப்புவார். சிக்கல், அந்தப் பரிவு வாயை மூடிக்கொண்டு வராது. “பாவம்யா அந்தப் பொண்ணு, கர்ப்பப்பையில கட்டியாம்” என்று சாயங்காலம் டீக்கடையில் உருகுவார். விளக்கு வைப்பதற்குள் மேல் லைன், கீழ் லைன், ஃபேக்டரி லைன் மூன்றுக்கும் கட்டியின் அளவு வரை தெரிந்துவிடும். மறுநாள் அந்தப் பெண் கூடையோடு காட்டுக்குள் இறங்கினால், பத்துப் பேர் அவள் முகத்தைப் பார்க்காமல் வயிற்றைப் பார்ப்பார்கள்.

எஸ்டேட்டில் ரகசியம் தங்காததற்கு அவர் ஒருவரையே குற்றம் சொல்லவும் கூடாது. ஏற்பாடே அப்படி. 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, குழந்தைகள் காப்பகம், குடிதண்ணீர், மருத்துவ வசதி எல்லாவற்றையும் தோட்ட முதலாளியின் பொறுப்பாக வைத்தது. நல்ல காரியம்தான். அன்றைய காட்டுக்குள் வேறு யார் ஆஸ்பத்திரி கட்டியிருப்பார்கள்? ஆனால் அதன்படி வேலை கொடுப்பவரும் முதலாளி, வீடு கொடுப்பவரும் முதலாளி, நாடி பிடிக்கும் டாக்டருக்குச் சம்பளம் கொடுப்பவரும் முதலாளி. நகரத்து ஊழியரின் நோய் குடும்ப டாக்டரிடமிருந்து ஆபீசுக்கு ஒரு தூரம் கடந்து வர வேண்டும். இங்கே டிஸ்பென்சரிக்கும் ஆபீசுக்கும் நடுவில் இருப்பது ஒரு சில்வர் ஓக் மரம், அதன் கீழே ஒரு கம்பவுண்டர். அந்தச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு சிக் லீவு காசுக்குக் கேட்டதெல்லாம், தகுதியுள்ள மருத்துவர் ஒருவர் நோயைச் சான்றளிக்க வேண்டும் என்பதுதான். மேல் மாடி, கீழ் மாடிப் பேச்சே அதில் இல்லை. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பழைய சட்டத்தை விழுங்கிவிட்டன. ஸ்கேன் சாரை எந்தத் தொகுப்பும் விழுங்கவில்லை.

அவரிடம் சட்டம் பேசினால் அவரும் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டுவார். இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் வெளியிட்ட நன்னடத்தை விதிகளின் பின்னிணைப்பில், லீவுக்கான மருத்துவச் சான்றிதழ் மாதிரி ஒன்று இருக்கிறது. நோயாளியின் கையெழுத்து அல்லது கைநாட்டு. இன்னார் இன்ன வியாதியால் அவதிப்படுகிறார். இன்ன தேதியிலிருந்து இத்தனை நாள் ஓய்வு அவசியம். “பாருங்க, ‘இன்ன வியாதி’ன்னு கோடு போட்டு விட்டிருக்கான். நானா போட்டேன்?” என்பார். நியாயம்தான். அதே விதிகளில் 7.14 என்று ஒன்று உண்டு: தொழில்முறையில் தெரிந்துகொண்ட நோயாளியின் ரகசியத்தை மருத்துவர் வெளியிடக் கூடாது, நீதிபதியின் உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ ஊருக்கோ கடுமையான ஆபத்து, அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டிய நோய் ஆகியவைதான் விலக்கு. ஒரே புத்தகத்தில் ஒரு பக்கம் வாயை மூடச் சொல்கிறது, இன்னொரு பக்கம் கோடு போட்டுக் காத்திருக்கிறது.

டாக்டர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த வழியின் பெயர் வைரல் ஃபீவர். மூல நோயா, வைரல் ஃபீவர். கருச்சிதைவா, வைரல் ஃபீவர். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவரா, சந்தேகமே வேண்டாம், வைரல் ஃபீவர். காய்ச்சல் கௌரவமான வியாதி; வந்தவனை யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. விளைவாக ஸ்கேன் சாரின் நீல அட்டை லெட்ஜரைப் புரட்டினால், அந்த எஸ்டேட் வருஷம் முழுக்க வைரஸ் பிடியில் கிடப்பதாகத் தெரியும். உண்மையைக் கறந்துவிட வேண்டும் என்று போட்ட கட்டத்தில் நிரம்பியிருப்பது முழுக்கக் கற்பனை. மாட்டிக்கொள்வது நிஜத்தைச் சொன்ன நாலைந்து அப்பாவிகள் மட்டும். போன வருஷம் ஸ்கேன் சாரே ஒரு வாரம் கோயம்புத்தூர் போய், உட்காரச் சிரமப்பட்டுக்கொண்டு திரும்பி வந்தார். அவருடைய வரியில் அவரே கைப்பட எழுதியது: வைரல் ஃபீவர்.

எஸ்டேட்டுக்கு வெளியே இந்தக் குணம் படிவமாகவே அச்சாகியிருந்தது. எல்.ஐ.சி.யில் வேலைக்குச் சேரும் பெண்கள் நிரப்ப வேண்டிய உறுதிமொழியில் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, வலி உண்டா, கடைசியாக வந்த தேதி என்ன, எத்தனை முறை கருத்தரித்தார், கருச்சிதைவு உண்டா என்றெல்லாம் கேள்விகள் இருந்தன. நீரா மாத்தூர் என்பவர் 1989-ல் பயிற்சிக் காலத்தோடு வேலையில் சேர்ந்து, 1990 ஜனவரியில் குழந்தை பெற்றார். பிப்ரவரியில் வேலை போனது. படிவத்தில் பொய்த் தகவல் தந்தார் என்பது எல்.ஐ.சி.யின் வாதம். 1991-ல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. பெண்களைக் கூனிக் குறுக வைக்கும் அந்தக் கட்டங்களைப் படிவத்திலிருந்து நீக்கவும் சொன்னது. உச்ச நீதிமன்றம் தொட்ட பிறகுதான் அந்த ஸ்கேன் மிஷின் நின்றது.

சில வியாதிகளுக்கு இன்று தனிக் காவலே உண்டு. எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்ததும் கழித்துக் கட்டப்பட்ட ஒரு தற்காலிகத் தொழிலாளியின் வழக்கில், பம்பாய் உயர் நீதிமன்றம் 1997-ல் அவர் பக்கம் நின்றது. வழக்கின் பெயரிலேயே அவர் ‘எம்.எக்ஸ்.’ என்ற எழுத்துகளுக்குள் மறைந்திருந்தார். 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தன் நிலையைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. காசநோய் 2012 முதல் அறிவிக்க வேண்டிய நோய். அறிவிப்பது அரசு சுகாதாரத் துறைக்கு. ஸ்கேன் சார் இதைத் தன் ஜன்னலுக்கு என்று எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது.

இப்போது அவர் கையில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. சீட்டைப் படம் எடுத்து ‘எஸ்டேட் ஸ்டாஃப்’ வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டு, கீழே கைகூப்பிய பொம்மை ஒன்றையும் சேர்ப்பார். மரியாதையாம். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதற்கு முன்பே, 2011-ன் தகவல் தொழில்நுட்ப விதிகள் மருத்துவ விவரங்களைத் தனிக் கவனம் தேவைப்படும் தகவல் என்று பட்டியலிட்டன. 2023-ன் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அப்படித் தனிப் பட்டியல் போடவில்லை; வேலை சார்ந்த நோக்கத்துக்காக ஊழியரின் தரவைச் சம்மதம் கேட்காமல் பயன்படுத்தவும் வழி வைத்திருக்கிறது. தவிர, அது கணினியிலும் போனிலும் ஏறிய தகவலுக்குத்தான் பொருந்தும். நீல அட்டை லெட்ஜர் அதன் கைக்கு எட்டாது. படம் எடுத்துக் குரூப்பில் போட்ட நொடியில் எட்டும். லீவு கணக்கிடுவது வேலை சார்ந்த நோக்கம் என்று வாதாடலாம். நாற்பது பேர் உள்ள குரூப்பில் ஒருத்தியின் கர்ப்பப்பையைச் சுற்றுக்கு விட்டதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இந்தக் கேள்வியை அவரிடம் நேராகக் கேட்டது, எஸ்டேட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் வெல்ஃபேர் ஆபீசர். சமூகப்பணி படித்த இளம்பெண். கேட்டதோடு விடாமல் ஜெர்மனிக் கதையும் சொன்னார். அங்கே டாக்டர் தரும் லீவுச் சீட்டில் முதலாளிக்குப் போகும் பிரதியில் வியாதியின் பெயரே இருக்காது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது மட்டும்தான். வியாதி எழுதிய பிரதி இன்சூரன்சுக்கு. 2023 முதல் பெரும்பாலானவர்களுக்கு அந்தக் காகிதமும் போய்விட்டது, முதலாளி தேதியைக் கணினியில் எடுத்துக்கொள்கிறார். பிரிட்டனில் 2010 முதல் டாக்டர், ‘இந்த மாதிரி வேலை கொடுத்தால் செய்வார்’ என்றும் எழுதலாம். முதுகு பிடித்தவருக்கு மூட்டை தூக்காத வேலை கொடுக்க அது போதும்.

ஸ்கேன் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

“பொய் சொல்றானான்னு எப்படி மேடம் கண்டுபிடிப்பாங்க?”

“சந்தேகம்னா இன்சூரன்ஸ்காரங்க மூலமா வேற டாக்டரை வெச்சுப் பார்க்கச் சொல்லலாம் சார். அவங்களும் வேலை செய்ய முடியுமா, முடியாதான்னு மட்டும்தான் முதலாளிகிட்ட சொல்வாங்க.”

“அப்ப ஹெட் கிளார்க்குக்கு?”

“நாள் கணக்கைக் கூட்டிப் போடறது.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் சார்.”

“ஐயோ பாவமே,” என்றார் ஸ்கேன் சார், நிஜமாகவே கலங்கிப்போய். “அந்த ஆளுக்குப் பொழுது எப்படி மேடம் போகும்?”