டூப்ளே துரையின் மந்த்லி ப்ளான்

முதலில் ஓசியில் ஆட விடுவது, ஆள் சொக்கிப்போன பிறகு கழுத்தில் துண்டைப் போட்டு மாதச் சந்தா கேட்பது. கேமிங் வெப்சைட்காரர்கள் இதைத் தாங்களே கண்டுபிடித்ததாக மார்தட்டிக்கொள்கிறார்கள். ரூன்ஸ்கேப் 2001-இல் இலவசமாகக் கடை திறந்து, மறுவருஷமே மெம்பர்ஷிப்புக்குக் கட்டணம் வைத்தது. ரொம்ப லேட் சார்! புதுச்சேரியில் இது 18-ஆம் நூற்றாண்டிலேயே கல்லா கட்டிய பிசினஸ்.

ஃப்ரீ பீரியட் 1740-இல். ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியை மராட்டியர் கொன்றுவிட, அவர் குடும்பமும் மருமகன் சந்தா சாகிபின் குடும்பமும் புதுச்சேரிக்கு ஓடிவந்தன. கவர்னர் டூமா பைசா கேட்காமல் உள்ளே விட்டார். ‘அவர்களை வெளியே அனுப்பு’ என்று உறுமிய மராட்டியத் தளபதி ரகுஜி போன்ஸ்லேக்கு டூமா பிரெஞ்சு மது பாட்டில் அனுப்ப, சரக்கு அவர் வீட்டு அம்மாளுக்குப் பிடித்துப்போய், படையெடுப்பே நின்றுபோனதாக ஒரு கதை உண்டு. அந்தக் காலத்திலும் பாண்டிச்சேரி என்றால் அதுதான்!

1742-இல் டூப்ளே கவர்னரானார். கையில் இருந்தது, டிரில் பழகிய சிப்பாய்ப் படை. வெளியே, நாற்காலி ஆசையில் இரண்டு கஸ்டமர்கள்: ஆற்காடு வேண்டும் என்கிற சந்தா சாகிப் (சந்தாதாரர் பெயரே அப்படி, நான் என்ன செய்ய?), ஹைதராபாத் வேண்டும் என்கிற முசாபர் ஜங். சுமார் 400 பிரெஞ்சுக்காரர்கள், 2,000 சிப்பாய்கள். 1749 ஆகஸ்ட் 3, ஆம்பூரில் சண்டை. அப்போதைய ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் காலி. உடனே பில் வந்தது: வில்லியனூர், பாகூர் கிராமங்கள். இன்றைக்கும் பாகூர் பஸ்ஸில் ஏறினால், நடுவில் தமிழ்நாடு வந்துவிட்டுப் போகும். மேப் கிழிந்த துணி மாதிரி கிடப்பதற்கு அந்த பில்லும் ஒரு காரணம்.

1750 டிசம்பரில் முசாபர் ஜங்குக்கு நாற்காலி கிடைத்ததும், டூப்ளே நவாப் உடுப்பு மாட்டிக்கொண்டு தர்பாரில் உட்கார்ந்தார். லாந்த்ரெசியில் பிறந்த வெள்ளைக்காரர், கிருஷ்ணா நதிக்குத் தெற்கே தாம்தான் நவாப் என்று நம்பிவிட்டார்! பக்கத்திலேயே இருந்து எல்லாவற்றையும் பார்த்த துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை, துரைசானி அம்மாள் சகலத்திலும் மூக்கை நுழைப்பதாக வீட்டில் நாட்குறிப்பில் பொருமிக்கொண்டிருந்தார். துரைக்கு அந்த ரிவ்யூ எட்டவேயில்லை.

பிரச்சினை என்னவென்றால், லைஃப்டைம் ப்ளான் எடுத்தவர்களுக்கு லைஃப் நீடிக்கவில்லை. முசாபர் ஜங் சில வாரங்களில் கொல்லப்பட்டார். 1752-இல் சந்தா சாகிபின் தலையும் போயிற்று.

ஹைதராபாத்தில் இருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி கெட்டிக்காரர். அடுத்த நிஜாம் சலாபத் ஜங் படைச் சம்பளத்தை பாக்கி வைத்ததும், 1753-இல் ஏலூர், ராஜமுந்திரி உட்பட நான்கு சர்க்கார்களின் வரியையே எழுதி வாங்கிவிட்டார். ஆட்டோ டெபிட்!

பாரிஸ் கம்பெனிக்கோ யுத்தச் செலவுதான் கண்ணில் பட்டது. 1754-இல் அது அனுப்பிய கோதே வந்து இறங்கி டூப்ளேவை மூட்டை கட்டச் சொன்னார். ‘என் சொந்தக் காசைப் போட்டேனே’ என்று ரீஃபண்ட் கேட்டு டூப்ளே வழக்காடினார்; 1763-இல் சாகும்வரை கிடைக்கவில்லை. ஐடியாவுக்கு காப்பிரைட்டும் வாங்கிவைக்கவில்லை, பாவம். 1798-இல் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அதையே ‘துணைப்படைத் திட்டம்’ என்று லேபிள் மாற்றி விற்றார். முதலில் கையெழுத்துப் போட்டவர்? சலாபத் ஜங்கின் தம்பி, ஹைதராபாத் நிஜாம்தான்.