புள்ளி நின்றால் பதறாதீர்கள்

பெர்த், மேற்கு ஆஸ்திரேலியா

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நான் பைக் பயணத்திலிருந்து முழுசாகத் திரும்பி வந்துவிட்டதை அம்மா ஒருவழியாக நம்பிவிட்டாள். நீங்கள்தான் இன்னும் விளக்கம் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். ஸ்டேஷன் மாஸ்டராக ரிட்டயர் ஆனவரிடம் போனில் பேசித் தப்பிக்க முடியாது என்பதால் எழுத்திலேயே தருகிறேன்.

பெர்த்திலிருந்து பைக்கில் கிழக்கே போவதென்றால் நல்லார்பார் சமவெளியைத் தாண்டியாக வேண்டும். நார்ஸ்மன் என்ற ஊரிலிருந்து செடூனா வரை ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். நடுவே ஊர் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. ஒரு பெட்ரோல் பங்க், ஒட்டினாற்போல ஒரு சாப்பாட்டுக் கடை, படுக்க நாலு அறை, இவ்வளவுதான். இதற்கு ரோட்ஹவுஸ் என்று பெயர். சில இடங்களில் ஒன்றை விட்டால் அடுத்தது 180 கிலோமீட்டருக்கு அப்பால். ரோட்ஹவுஸைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் செல்போன் வெறும் கடிகாரம்தான். அதனால்தான் உங்கள் மருமகள், சாட்டிலைட் டிராக்கர் இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

டிராக்கர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஜிபிஎஸ் மூலம் தான் நிற்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு, வேறொரு கூட்டத்துச் சாட்டிலைட் வழியாக 10 நிமிடத்துக்கு ஒரு முறை அதைச் சொல்லி அனுப்பும். வீட்டில் இருப்பவர்கள் போனில் மேப்பைத் திறந்தால் புள்ளி புள்ளியாக நான் போய்க்கொண்டிருப்பேன். அந்த லிங்க்கை அவள் நல்லெண்ணத்தில் உங்களுக்கும் அனுப்பிவைத்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நீங்கள் நீளமான ரிஜிஸ்டர் ஒன்றை எடுத்து, ரோட்ஹவுஸ்களை எல்லாம் ஸ்டேஷனாக எழுதி, வருகை, புறப்பாடு, தாமதத்துக்கான காரணம் என்று கட்டம் போட்டுவிட்டீர்களாம். பெரியம்மா சொன்னாள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 18 கிலோமீட்டர், அப்படியானால் மணிக்கு 108 என்று அம்மாவிடம் போட்டுக்கொடுத்ததும் நீங்கள்தான். இந்த ரோட்டில் 110 வரை போகலாம் என்பதையும் கூடவே சொல்லியிருக்கலாமே!

பலடோனியா, கைகுனா ரோட்ஹவுஸ்களுக்கு நடுவில் புள்ளிகள் எல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி விழுந்ததால் கருவி கெட்டுவிட்டது என்று தீர்ப்பு எழுதினீர்களாம். கெடவில்லை. அங்கே 146.6 கிலோமீட்டருக்கு ரோட்டில் ஒரு வளைவுகூடக் கிடையாது. இதற்கே இப்படி என்றால், வடக்கே இதே சமவெளியில் ஓடும் ரயில்பாதை 478 கிலோமீட்டர் நேராகப் போகிறது. உலகத்திலேயே நீளமான நேர்ப்பாதை அதுதான். அங்கே உங்களுக்கு வேலை கொடுத்திருந்தால் கேபினில் உட்கார்ந்து தூங்கியிருப்பீர்கள்.

அந்தப் பலடோனியாவில் உங்களை நினைத்துக்கொண்டேன். 1979இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் நம் தலையில் விழப்போகிறது என்று ஊரே நடுங்கியதை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! அது கடைசியில் விழுந்தது இந்தப் பக்கத்தில்தான். அங்குள்ள ரோட்ஹவுஸில் ஒரு துண்டை இன்னும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பக்கத்து எஸ்பெரன்ஸ் நகராட்சி, பொது இடத்தில் குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் போட்டதாம். சாட்டிலைட்டை நம்பாதே என்ற உங்கள் கட்சிக்கு வலுவான சாட்சி, வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, 45 நிமிடம் எங்கே போயிற்று என்ற கேள்வி. நான் திருடவில்லை பெரியப்பா. பெர்த் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். கைகுனாவைத் தாண்டியதும் அங்குள்ளவர்கள் தாங்களாகவே ஒரு நேரம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்: பெர்த் நேரத்தோடு 45 நிமிடம். சட்டப் புத்தகத்தில் இல்லாத நேரம், ஆனால் கடைக் கடிகாரம் எல்லாம் அதன்படிதான் ஓடுகிறது. மாநில எல்லை தாண்டினால் இன்னும் 45. உங்கள் போன் இந்திய நேரத்தைக் காட்டியது, நான் பேசும்போது ரோட்ஹவுஸ் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன். ரிஜிஸ்டர் எப்படி ஒத்துப்போகும்?

மதுரா என்ற ரோட்ஹவுஸின் பெயரைப் பார்த்து மதுரையா என்று கேட்டீர்களாமே. மதுரை இல்லை, ஆனால் இந்தியாவோடு தொடர்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்கே குதிரை வளர்த்து, இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படைக்குக் கப்பலில் அனுப்பினார்கள். பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கிளம்பிய மாணிக்கவாசகர் இங்கே வந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். நரியைப் பரியாக்கும் சிரமம் சிவபெருமானுக்கும் மிச்சம்.

இப்போது பெரிய குற்றச்சாட்டு: காக்கிள்பிடி ரோட்ஹவுஸில் புள்ளி வெகுநேரம் நின்றுவிட்டது. கருவி டேங்க் பேக்கின் மேல், வானம் பார்த்தபடி இருக்கும். டீ குடிக்கப் போகும்போது பேக்கைக் கழற்றி உள்ளே எடுத்துப்போனேன். மேலே தகரக் கூரை. வானம் தெரியாவிட்டால் இந்தப் பெட்டி ஊமை. போதாததற்கு, ஆட்டம் நின்றால் தானே புள்ளி அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும், பேட்டரி மிச்சம் பிடிக்க. ஒரு லாரி டிரைவர் கங்காரு கதை சொல்லிக்கொண்டிருந்தார், நான் இரண்டாவது டீ சொன்னேன். அதற்குள் சங்கரன்கோவிலில் கோமதியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்தாகிவிட்டது. நீங்களோ உங்கள் மருமகளை ஆபீஸ் மீட்டிங்கிலிருந்து எழுப்பி, "லைன் பிளாக் ஆகியிருக்கிறது" என்றிருக்கிறீர்கள்.

நான் ஹெட் ஆஃப் பைட் என்ற கடலோர இடத்தில் நின்றபோது அம்மா அழுதது அதைவிட மோசம். மேப்பைச் சின்னதாக்கிப் பார்த்திருக்கிறாள். புள்ளி கடலுக்குள் தெரிந்திருக்கிறது. நான் நின்றது செங்குத்துப் பாறைக் கரையில், கைப்பிடி போட்ட மரப் பாலத்தில். ஜூன் முதல் அக்டோபர் வரை திமிங்கிலங்கள் குட்டி போட அங்கே வரும். ஒரு தாய் கரையோரமாக மெல்லப் புரண்டுகொண்டிருந்தது. குட்டி அதன் முதுகில் ஏறுவதும் சறுக்குவதுமாக இருந்தது. தாய் கண்டுகொள்ளவே இல்லை. புள்ளி இதையெல்லாம் சொல்லாது, இடத்தை மட்டும்தான் சொல்லும். மற்றதை நீங்களே கற்பனை செய்துகொள்கிறீர்கள், அதுவும் மோசமானதாகப் பார்த்து.

'நலம்' பட்டனை அமுக்கினால் முன்பே எழுதி வைத்த ஒரே வாசகம்தான் போகும். வழியில் மாற்ற முடியாது. உங்கள் மருமகள் "நல்லா இருக்கேன், சாப்பிட்டாச்சு" என்று எழுதி வைத்திருந்தாள். விடிகாலையில் பல் துலக்கும் முன் அமுக்கினாலும் சாப்பிட்டாச்சு. பெட்ரோல் போட நின்றாலும் சாப்பிட்டாச்சு. "ஒரு நாளைக்கு இத்தனை வேளையா? வயிறு என்னத்துக்கு ஆகும்?" என்று அம்மா கேட்டாளாம்.

இது ஒருவழிக் கருவி. நீங்கள் என்ன கத்தினாலும் எனக்குக் கேட்காது. இருவழியும் உண்டு; 66 இரிடியம் சாட்டிலைட்டுகள் வழியாகச் செய்தி போகும், வரும். அதையே வாங்கலாமா என்றாள் உங்கள் மருமகள். உங்கள் ரிஜிஸ்டரை நினைத்துப் பார்த்து வேண்டாம் என்றேன்.

வழியில் இழப்பு ஒன்றே ஒன்றுதான். அம்மா சொன்னபடி ஹேண்டில்பாரில் கட்டிய திருஷ்டி எலுமிச்சம்பழத்தைச் செடூனா சோதனைச் சாவடியில் வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். பழ ஈ பரவுமாம். இது உங்களோடு இருக்கட்டும்.

அடுத்த பயணத்துக்கும் லிங்க் வரும். அதற்குள் அம்மாவுக்குச் சொல்லி வையுங்கள்: புள்ளி நின்றால் டீ. ராத்திரி முழுக்க நின்றால் தூக்கம். நிஜமாகவே ஆபத்தென்றால் மூடிக்குள் இருக்கும் எஸ்ஓஎஸ் பட்டனை அமுக்குவேன். அது அமெரிக்காவில் இருக்கும் ஒரு மையத்துக்குப் போய், அவர்கள் இங்குள்ள மீட்புப் படைக்குச் சொல்லி, உங்கள் மருமகளையும் கூப்பிடுவார்கள். அவள் உங்களைக் கூப்பிடாத வரை நீங்கள் யாரையும் கூப்பிட வேண்டாம்.

இன்னொன்று. மேப்பில் பழைய புள்ளிகள் சில நாளில் மறைந்துவிடுகின்றன. எங்கே எப்போது இருந்தேன் என்ற முழுக் கணக்கு இப்போது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. ரிஜிஸ்டரைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், தாமதக் காரணக் கட்டம் உட்பட.

பெரியம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்