ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு டிஸ்க்கு

வா தம்பி, உக்காரு. கையில என்னாது, ஸ்வீட்டு டப்பாவா? ஹார்டு டிஸ்க்கா! ரெண்டு டிபியா? பேஷ். பழைய டிஸ்க்கு ரொம்பிப் போச்சுன்னு இன்னொண்ணு மாட்டப் போறே. அந்தப் பழசுல என்னா ரொம்பியிருக்குதுன்னு என்னைக்காவது பாத்தியா? நான் பாத்தேன். கரண்ட் பில்லு கட்டச் சொல்லி மாடிக்கு வந்தப்ப, திரையில ‘புது போல்டர்’னு ஒண்ணு இருந்தது. அது பக்கத்துல ‘புது போல்டர் 2’, அப்பால 3, அப்பிடியே ஏழு வரைக்கும் போவுது. பாதி உன் பையன் காதுகுத்துப் படம், ஒரே போட்டோ நாலு எடத்துல. மீதி நான் தெனம் விடிகாலையில அனுப்பற ‘இனிய காலை வணக்கம்’ ரோஜாப்பூ. அனுப்பினவன் நானே அதைச் சாயந்திரம் அழிச்சுடறேன், நீ பத்திரமா வச்சிருக்கே. மரியாதை தெரிஞ்ச புள்ளை.

அழிச்சா இடம் வருமேன்னு நான் வாயத் தொறக்கலை. அழிக்கணும்னா குந்திப் பாக்கணும், பாக்கறதுக்கு நேரம் வேணும். டிஸ்க்கு வாங்கறதுக்குத் துட்டு இருந்தா போதும். நீ செஞ்சதுதான் சரி.

எனக்கு என்னா தெரியும் கம்ப்யூட்டரைப் பத்தி? அந்தக் காலத்துத் தலையாரி நான். என் தங்கச்சி மவன் ரிச்சி தெருவுல கடை வச்சிருக்கான். ஞாயித்துக்கிழமை இங்க வந்து கறிச்சோறு துன்னுக்கினு அவன் பேசறது காதுல விழுவுது, அவ்வளவுதான். தப்பா சொன்னா அவனைக் கேளு.

மாட்டறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. பிளக்கைப் புடுங்கிட்டு, பவர் பட்டனை ரெண்டு தடவை அமுக்கு. உள்ள தேங்கி நிக்கற கரண்டு போயிடும். பெட்டி முன்னால நின்னியானா இடது கைப் பக்கத் தகடு, பின்னால ரெண்டு திருகு. கழட்டினதும் மூஞ்சியத் திருப்பிக்க. மேடவாக்கம் ரோட்டுல மெட்ரோ தூணு நிக்குதே, ரயிலு வர்றதுக்கு முன்னாடி அதோட தூசி வந்து உன் பெட்டிக்குள்ள எறங்கியிருக்கும். மொதல்ல அதை ஊது. அப்பால பெட்டியோட இரும்பை ஒரு தரம் தொட்டுக்க. உடம்புல இருக்கற மின்சாரம் எறங்கணுமாம். நம்மூரு வேர்வையில அது கம்மிதான், இருந்தாலும் தொடு.

டிஸ்க்கை அதுக்குண்டான அறையில தள்ளி நாலு திருகு போடு. பெரிய டிஸ்க்குக்குப் பெரு மறை, லேப்டாப் டிஸ்க்குக்குப் பொடி மறை. மாத்திப் போட்டு முறுக்கினா மறை கெட்டுடும். ரெண்டு ஒயரு. பட்டையா அகலமா இருக்கறது எஸ்.எம்.பி.எஸ்.லேர்ந்து வர்ற கரண்டு. குட்டையா இருக்கறது மதர்போர்டுக்குப் போற சாட்டா. ரெண்டுமே ‘எல்’ எழுத்து மாதிரி ஒரு பக்கம் வளைஞ்சிருக்கும், ஒரே பக்கமாத்தான் போவும். தலைகீழாப் புடிச்சுக்கினு, “போவ மாட்டேங்குதே பெருசு”ன்னு அமுக்கறவங்க உண்டு. போவும், பிளாஸ்டிக்கு ஒடைஞ்சதுக்கு அப்பால.

சாட்டா வந்தது 2003 வாக்குல. அதுக்கு முன்னால அகலமா நாடா மாதிரி ஒரு ஒயரு, ஒரே ஒயருல ரெண்டு டிஸ்க்கு. டிஸ்க்கு முதுகுல ஊசி ஊசியா நிக்கும், அதுல கடுகத்தனை ஜம்பரை நகத்தி ‘நீ எஜமான், நீ அடிமை’ன்னு சொல்லி வைக்கணும். ரெண்டையும் எஜமான்னு வச்சுட்டா ரெண்டும் வேலை செய்யாது. இப்ப ஒவ்வொண்ணுக்கும் தனி ஒயரு, தனிக் குடித்தனம். ஆனா கடையில டிஸ்க்கை மட்டும் குடுப்பான், ஒயரும் திருகும் குடுக்க மாட்டான். கேட்டு வாங்கினியா? இல்லியா? நல்லதாப் போச்சு, இன்னொரு தரம் மவுண்ட் ரோடு பாத்துட்டு வரலாம்.

மாட்டிட்டு ஆன் பண்ணா, திரையில புது டிஸ்க்கு வராது. உடனே கடைக்காரனைத் திட்டாதே. ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’னு ஒண்ணு இருக்குது, அதுக்குள்ள போ. எம்.பி.ஆரா, ஜி.பி.டியான்னு கேக்கும். ஜி.பி.டின்னு சொல்லு. பழைய எம்.பி.ஆர். கணக்கு ரெண்டு டிபி தாண்டினா கையை விரிச்சுடும். அப்பால பார்மேட். இங்கதான் நீ உன் வீரத்தைக் காட்டணும். டிஸ்க் 0, டிஸ்க் 1னு ரெண்டு கோடு தெரியும். டிவியில கிரிக்கெட்டு ஓடிக்கினு இருக்கும்போது, பொண்டாட்டி கூப்புடும்போது, படிக்காம ‘எஸ்’ஸு ‘எஸ்’ஸுன்னு அமுக்கு. தப்பான கோட்டை அமுக்கியிருந்தா காதுகுத்துப் படம் அத்தனையும் சுத்தமாயிடும். எடத்துக்கு எடமும் கெடைச்சுடும்.

ரெண்டு டிபின்னு வாங்கினது 1.81ன்னு காட்டுதுன்னு நாளைக்குக் காலையில சண்டைக்குப் போவே. போவாதே. கம்பெனிக்காரன் ரெண்டு லட்சம் கோடி பைட்டைப் பத்து பத்தாப் பெருக்கி எண்ணறான், விண்டோசு 1024, 1024ன்னு வகுக்குது. ரெண்டு பேரு கணக்கும் சரி. நடுவுல காணாமப் போனது எதுவும் இல்ல, உன் நிம்மதியத் தவிர.

இதெல்லாம் ரெண்டு மணி நேரத்து வேலை. இப்ப சொல்லு, மாட்டி முடிச்சதும் என்னா பண்ணுவே? பழசுல இருக்கற போட்டோவையெல்லாம் கட் பண்ணி புதுசுல பேஸ்ட் பண்ணுவே. “அப்பாடா, பத்திரமாயிடுச்சு”ம்பே. எப்பிடிப்பா? நேத்து பழைய டிஸ்க்குல ஒண்ணே ஒண்ணு இருந்தது. இன்னைக்குப் புது டிஸ்க்குல ஒண்ணே ஒண்ணு இருக்குது. வீடு மாறிச்சு, ஆளு ஒருத்தன்தான்.

சரி, காப்பி பண்றேன், ரெண்டுலயும் இருக்கட்டும்னு வை. இன்னும் புத்திசாலின்னு உன்னைத் தட்டிக் குடுக்கறேன். அப்பால எஸ்.எம்.பி.எஸ். ஒரு நாள் வெடிச்சா, கரண்டு போயி வர்ற அந்த ஒரு அடியில ரெண்டு டிஸ்க்கும் ஒண்ணாப் போவும். 2017 மே மாசம் ‘வான்னாக்ரை’ன்னு ஒண்ணு வந்து ஊரூரா கம்ப்யூட்டரைப் பூட்டிட்டு காசு கேட்டுது, நெனப்பு இருக்குதா? அந்த ஜாதி வைரஸு சி, டின்னு பேதம் பாக்காது, எழுத முடியற எழுத்தையெல்லாம் பூட்டும். திருடன் பெட்டியத் தூக்கினாலும் ரெண்டும் சேந்துதான் போவும். ஒரு திருடனுக்கு ரெண்டு டிஸ்க்கு. அவனும் உன்னை வாழ்த்துவான்.

தலையாரி வேலை பாத்தேன்னு சொன்னேனே. வைகாசி வெய்யில்ல ஜமாபந்தின்னா, அடங்கலு, புலப்படம், ‘அ’ பதிவேடுன்னு கர்ணம் மூட்டை கட்டிக் குடுப்பாரு. தலையில வச்சுக்கினு தாலுகா ஆபீசுக்கு நடப்பேன். முட்டாப்பய, ஏன்யா இவ்வளவு சுமக்கறோம்னு நெனைச்சுக்குவேன். கர்ணம் வீட்டுல ஒரு புலப்படம், தாலுகாவுல ஒரு புலப்படம். எங்க கர்ணம் பரண்ல கரையான் ஏறி ஒரு வருசத்துக் கட்டையே தின்னுட்டுது. மனுசன் அசரலை, தாலுகாவுல குந்தி எழுதிக்கினு வந்தாரு. 1980ல எம்.ஜி.ஆர். கர்ணம், மணியக்காரர் வேலையையே எடுத்துட்டாரு, வி.ஏ.ஓ. வந்தாங்க. ஆளு போனாங்க, கணக்கு போவலை. இந்த ஊரு ஏரிக்கு எல்லை எதுன்னு அந்தப் படத்துல இன்னைக்கும் சுத்தமா இருக்குது. ஏரி எங்கன்னு மட்டும் என்னைக் கேக்காதே.

ஏரின்னதும் நெனப்பு வருது. உன் பெட்டியை எங்க வச்சிருக்கே? மேசைக்குக் கீழ, தரையில. மாடிதானேன்னு தெம்பா இருக்கே. போன குடித்தனக்காரன் கீழ் போர்ஷன்ல இருந்தான். 2015 டிசம்பர்ல இந்தப் பக்கத்துத் தண்ணியெல்லாம் நாராயணபுரம், பள்ளிக்கரணைன்னு போற வழியில போவ முடியாம நின்னுது. நான் கட்டிலு மேல, அவன் கட்டிலு மேல, கம்ப்யூட்டரு தரையில. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்பவும் நின்னுது. அப்ப அவன் உசாரு, பெட்டியை ஸ்டூலு மேல வச்சான். ஸ்டூலு மெதந்துது.

டிஸ்க்குக்கும் வெள்ளத்துக்கும் ஆகவே ஆகாது. 2011ல தாய்லாந்துல வெள்ளம், அங்க வெஸ்டர்ன் டிஜிட்டல் பாக்டரிக்குள்ள தண்ணி பூந்துடுச்சு. உலகத்துக்குப் போற டிஸ்க்குல பெரிய பங்கு அந்த நாட்டுல செய்யறதாம். எங்கியோ மழை, ரிச்சி தெருவுல வெலை ஏறிடுச்சு. என் மருமவன் பழைய ஸ்டாக்கை வச்சிருந்தான், அந்த வருசம் தீபாவளிக்கு எனக்குப் பட்டுக்கரை வேட்டி. உள்ள என்னாதான் இருக்குதுன்னு ஒரு தடவை செத்த டிஸ்க்கு ஒண்ணைக் கழட்டிக் காட்டினான். கண்ணாடி மாதிரி பளபளன்னு தட்டு, நிமிசத்துக்கு 7200 சுத்து சுத்துமாம். அதுக்கு மேல முள்ளு ஒண்ணு, தட்டைத் தொடாம மயிரிழையை விடக் கம்மியான உசரத்துல பறக்குமாம். தூசி ஒண்ணு பூந்தா போச்சு. அதைத்தான் நீ மெட்ரோ ரோட்டோரம் வச்சுக்கினு, ஓடும்போதே காலால எத்தறே.

1956ல ஐ.பி.எம். மொத ஹார்டு டிஸ்க்கைக் கொண்டாந்தப்ப அம்பது தட்டு, ஒரு டன்னு எடை, கொள்றது அஞ்சு எம்பிக்கும் கம்மி. உன் போன்ல எடுக்கற போட்டோ ஒண்ணு ரெண்டுதான் அதுல புடிக்கும். அதைக் காலால எத்த முடியாது. அப்ப ஜனம் பத்திரமா இருந்தது.

கூகுள்ல ஏத்திடுவேன்னு சொல்றியா? 2021 ஜூன் 1லேர்ந்து போட்டோவுக்கு ஓசி அளவில்லாம கெடையாது, மொத்தமா 15 ஜிபி. உன் ஏழு போல்டருக்கு மாசா மாசம் துட்டு கட்டணும். ரெண்டாயிரம் வாடகை ஏத்தினப்ப நீ போட்ட மூஞ்சியை நான் மறக்கலை.

அதனால கேளு. பெட்டிக்குள்ள மாட்டறதை மாட்டிக்க, அது வாழட்டும். அப்பால சின்னதா யுஎஸ்பி டிஸ்க்கு ஒண்ணு வாங்கி, காதுகுத்து, கல்யாணம், பத்திரம் ஸ்கேன் பண்ணது, இதை மட்டும் அதுல காப்பி பண்ணு. ரோஜாப்பூ வேணாம், என்கிட்ட ஸ்டாக்கு இருக்குது. காப்பி பண்ணதும் ஒயரைப் புடுங்கி, வேற வீட்டுல கொண்டு போய் வை. மாமியார் வீட்டுல வைக்கறேன்னு சொல்லிக்கினே எழுந்துக்காதே. முடிச்சூர்தானே? அங்க 2015ல அடையாறு வீட்டுக்குள்ளயே வந்து குசலம் விசாரிச்சுட்டுப் போச்சு. சேலத்துல உன் சகலை இருக்கானே, அவன்கிட்ட குடு. தீபாவளிக்கு, பொங்கலுக்குப் போறப்ப எடுத்து ஒரு தரம் போட்டுப் பாத்து, புதுசு சேத்துட்டு வா. இந்தச் சாக்குல பொண்டாட்டி தங்கச்சியைப் பாத்த மாதிரியும் ஆவும், வீட்டுல சோறு சூடா கெடைக்கும்.

சகலை பாத்துடுவானேன்னு பயமா? பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிக் குடு. வெராகிரிப்ட்டுன்னு ஓசியிலேயே கெடைக்குது, பாஸ்வேர்டு மறந்தா நீயே தொறக்க முடியாதாம், அவ்வளவு கெட்டி. எழுதி வச்சுக்கறேங்கறியா? நல்லது, எதுல எழுதி வைப்பே? ‘புது போல்டர் 4’லயா?