கணக்குப் பேராசிரியரின் வெளிநடப்பு

கேள்வி: எம்.பி.மார் வெளிநாட்டு விவகாரம், சட்டம் என்று நாடாளுமன்றத்தில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். அதனால் எங்கள் குளத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணி வருமா?
வாசகர் ஒருவர், பூவரசங்குளம்

பதில்: வராது. ஆனால் அந்தத் தண்ணியை அள்ளுகிறவர் எந்த நாட்டவர் என்பதை அந்தப் பேச்சுத்தான் தீர்மானிக்கும். வவுனியாத் தொகுதியில் 1947இல் வென்ற சி. சுந்தரலிங்கத்தையே பாருங்கள். ஒக்ஸ்போர்ட்டில் படித்த கணிதப் பேராசிரியர், டி.எஸ். சேனநாயக்கா அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர். 1948 டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமை மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது எழுந்து வெளியே போய்விட்டார். பிரதமர் விளக்கம் கேட்டார். இவர் கொடுத்தது ராஜினாமா. இதைவிடச் சுருக்கமான நாடாளுமன்ற உரையை நான் அறியேன்.

சட்டம் என்னவோ நிறைவேறியது. அது குறிவைத்த மலையகத் தமிழரின், அதாவது இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரின், விதி பிறகு வெளிநாட்டு விவகாரமாகி, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டது. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். (கணக்குத் தெரிந்தவர் வெளியே போனால் இப்படித்தான்!) கலவரங்களுக்குத் தப்பி வந்து, வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய மலையகக் குடும்பங்கள் எத்தனை! நாடாளுமன்றப் பேச்சு குளத்தங்கரை வரை வருமா என்று சந்தேகமிருந்தால் அவர்களைக் கேளுங்கள்.

வெளிநடப்புச் செய்தார் என்பதற்காகச் சுந்தரலிங்கத்தின் படத்துக்கு மாலை வாங்க ஓடாதீர்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழையவிடாமல் தடுத்தவரும் இதே மனிதர்தான். அதற்காகத் தன்மேல் தொடரப்பட்ட வழக்கை லண்டன் பிரிவி கவுன்சில் வரை கொண்டுபோய்த் தோற்றார்.