வன்னிக் கேள்விகள்

அறுவடைக்கு நெல் என்ன விலை போகும் என்று ஏஐ சொல்லுமா? (முழங்காவில்)

சொல்லும். அறுவடை முடிந்த பிறகென்றால் அரசாங்கமே சொல்லிவிடும்!

ஒரு குரங்கு நாட்டையே இருட்டாக்கியதாமே, நம்பலாமா? (வவுனியா)

2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின்நிலையம். குற்றவாளி குரங்கென்று சொன்னவர் மின்சக்தி அமைச்சர். குரங்கு இன்னும் வாக்குமூலம் கொடுக்கவில்லை. உண்மையில், அது ஞாயிறு பகல். மின்தேவை குறைவு, கூரைச் சூரிய மின்சாரம் அதிகம். அப்படித் தளம்பி நிற்கும் கட்டமைப்பைச் சாய்க்க ஒரு குரங்கே போதும்.

கிளிநொச்சி வன்னியில்தானே இருக்கிறது? (பரந்தன்)

வாக்குப் போடும் நாள் தவிர! அன்றைக்கு அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். வன்னித் தேர்தல் மாவட்டமென்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மட்டும்தான்.

பவர்பேங்க் வாங்கித் தரச்சொன்னால் அப்பா சிரிக்கிறாரே? (புதுக்குடியிருப்பு)

சிரிக்காமல்? பற்றரிக்குத் தடை இருந்த தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்டவர்கள் அவர்கள். ஒருவர் பெடலைச் சுற்ற, ஒழுங்கையே செய்தி கேட்டது. இப்போது ஆளுக்கொரு போன், செய்திதான் ஆளுக்கொரு விதம்.

ஸ்மார்ட் வாட்ச் கட்டினால் நேரம் தவறாதா? (முல்லைத்தீவு)

எந்த நேரம்? 1996இல் கொழும்பு கடிகாரத்தை முன்னே தள்ளியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்திலேயே நின்றது. பிறகு பல வருடம், ஓமந்தை தாண்டினால் அரை மணித்தியாலம் வித்தியாசம். 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்குத் திரும்பியது கொழும்புதான்.