இரண்டு முறை கேட்ட கேள்வி

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தின் லிஸ்பன் ஒப்பந்தத்தை அயர்லாந்து மக்கள் நிராகரித்த பிறகும் மறுபடி வாக்கெடுப்பு நடத்தியது நியாயமா?

பதில்: நியாயம்தான். 2008 ஜூனில் 53 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்களே, அது வீண்போகவில்லை. ஐரோப்பிய ஆணையத்தில் நாட்டுக்கு ஓர் ஆணையர் உண்டு, வரி, ராணுவ நடுநிலை, கருக்கலைப்புச் சட்டம் மூன்றிலும் கைவைக்க மாட்டோம் என்ற உறுதிகளை வாங்கித் தந்தது அந்த ‘வேண்டாம்’தான். பெண் பார்க்க வந்தவர்களைத் திருப்பியனுப்பிய பெண், நிபந்தனைகளை எழுதி வாங்கிக்கொண்டு தலையாட்டிய மாதிரி, 2009 அக்டோபரில் 67 சதவீதம் பேர் ‘சரி’ என்றார்கள்.

என் கோபமெல்லாம் மற்ற 26 நாடுகள்மீது. 2005இல் பிரான்சும் நெதர்லாந்தும் வாக்களித்துத் தோற்கடித்த அரசியல் சாசன ஒப்பந்தத்தின் பெரும்பகுதிதான் லிஸ்பனாகத் திரும்பி வந்தது. இந்தமுறை மக்களைக் கேட்கவேயில்லை, நாடாளுமன்றங்களே முடித்துவிட்டன. இத்தனைக்கும் அடிப்படை உரிமைகள் சாசனத்துக்குச் சட்ட வலிமை தந்த ஒப்பந்தம் அது! குடிமக்களின் உரிமையை அவர்களைக் கேட்காமலா எழுதுவது?

அயர்லாந்துக்காரர்கள் கையில் மட்டும் வாக்குச்சீட்டு இருந்ததற்கு ரேமண்ட் க்ராட்டிக்கு நன்றி சொல்ல வேண்டும். முந்தைய ஐரோப்பிய ஒப்பந்தம் ஒன்றை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போய், அரசியலமைப்பைத் தொடும் ஒப்பந்தத்துக்கு மக்கள் வாக்கெடுப்பு வேண்டும் என்று 1987இல் ஜெயித்த தனிமனிதர் அவர்.