வரைபடத்தில் வெள்ளை நிறம்

கேள்வி: அமெரிக்காவில் ஐபோன் வந்த புதிதில், வசதியிருந்தும் பலர் அதை வாங்காதது ஏன்?

பதில்: 2007 ஜூனில் வெளிவந்த ஐபோன் அங்கே ஏடி அண்ட் டி என்ற ஒரே நிறுவனத்தின் இணைப்போடு விற்கப்பட்டதால், அதன் சிக்னல் எட்டாத ஊர்க்காரருக்கு அது விலையுயர்ந்த பாட்டுப்பெட்டியாகவே பயன்பட்டிருக்கும். 2009இல் போட்டி நிறுவனமான வெரைசன், 3ஜி எனப்படும் மூன்றாம் தலைமுறை இணையச் சேவை இரு நிறுவனங்களுக்கும் எங்கெங்கே உண்டு என்பதை வரைபடமாக்கி விளம்பரப்படுத்தியபோது, எதிராளியின் படத்தில் 3ஜி இல்லாத இடங்களைக் குறிக்கும் வெள்ளையே மிகுந்திருந்தது. வெள்ளையான இடங்களில் பேசவே முடியாது என்று மக்கள் எண்ணிவிடுவார்கள் என நவம்பரில் வழக்குத் தொடுத்த ஏடி அண்ட் டி, அடுத்த மாதமே அதைத் திரும்பப் பெற்றது. விளம்பரத்தைக் கவனிக்காதவரையும் கவனிக்க வைத்த பெருமை அவ்வழக்கையே சாரும். ஐபோன் இல்லாத குறையை, ஆண்ட்ராய்டு மென்பொருளில் இயங்கிய மோட்டோரோலா டிராய்ட் போனால் ஈடுகட்ட வெரைசன் முனைந்ததில், ஆண்ட்ராய்டுக்கு நல்வாழ்வு பிறந்தது. 2011 பிப்ரவரியில் வெரைசனுக்கும் ஐபோன் வந்தது. ஆயினும் அந்நிறுவனம் கையாண்ட சிடிஎம்ஏ, அதாவது அழைப்புகளைக் குறியீட்டால் பிரித்து ஒரே அலைவரிசையில் அனுப்பும் முறை, அப்போது பேச்சையும் இணையத்தையும் ஒருசேரச் சுமக்காததால், மேலதிகாரியின் அழைப்புக்கு ‘உம்’ கொட்டியபடியே பேஸ்பால் ஸ்கோர் பார்க்க விரும்பியவர் வைஃபை உள்ள இடத்தைத் தேட வேண்டியிருந்தது.